வுழூ முறிந்த நேரம்

என் மனைவி றபீக்காவின் வயிற்றிலிருந்து காற்றுப் பிரிய வேண்டும் என்று ஓர் அறையே காத்துக்கொண்டிருந்தது. சத்திரசிகிச்சை நிபுணர் மதுரன் காத்திருந்தார். அவருக்குக் கீழே வேலை செய்யும் இளம் டொக்டர் மேனுகா காத்திருந்தார். பக்கத்துக் கட்டிலில், பித்தப்பைக் கல் எடுத்திருந்த குருக்கள்மடத்துக் கண்ணகையம்மா திரைச்சீலையை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நான் கதவருகே ஒரு கதிரையில். றபீக்கா மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பி, கண்களை மூடி, உதடு அசைய ஏதோ ஓதிக்கொண்டு படுத்திருந்தாள்.

ஒரு காற்றுக்கு இத்தனை பேர் காத்திருப்பதா என்று நீங்கள் நினைக்கலாம். அதைச் சொல்ல, முதலில் அந்த வயிற்றுக்குள் என்ன செய்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

நான் ஓட்டமாவடியில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவன். வயலுக்கு இறைக்கும் பம்பும் வரும், வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து படகு இஞ்சினும் வரும். எது வந்தாலும் அதற்குள் எது எதைத் தள்ளுகிறது, எது எதைத் தடுக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் எனக்கு. ஆகவே கிளினிக்கில் டொக்டர் மதுரன் ஒரு தாளில் இரைப்பையை வரைந்தபோது றபீக்கா கூச்சத்தோடு வேறு பக்கம் பார்த்தாள். நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"இது இரைப்பை. இதுட மேல் நுனியில ஒரு முட்டை அளவுக்குச் சின்னப் பை ஒண்டைப் பிரிக்கப் போறம். மிச்சத்தை வெளியில எடுக்கிறதில்ல. அது உள்ளுக்கே இருந்து சாறு சுரக்கும். ஆனா சாப்பாடு அதுக்குள்ள போகாது. சிறுகுடலை ஓரிடத்துல வெட்டி, கீழ்த்துண்டை மேல தூக்கி வந்து இந்தச் சின்னப் பையில பொருத்துவம். மேல்துண்டுட நுனியைக் கொஞ்சம் கீழ ஓரிடத்துல சேர்த்துவிடுவம். அங்கதான் சாறும் சாப்பாடும் சந்திக்கும்."

"அப்ப ரெண்டு பொருத்து," என்றேன்.

அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க என்ன வேலை?"

"பம்பு, டொக்டர்."

"அப்ப எங்க பயப்பட வேணுமெண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல."

தேவையில்லைதான். குழாய் போட்ட எவனுக்கும் தெரியும், ஒழுகுவதும் அடைப்பதும் பொருத்துகளில்தான். அவர் எதையும் மறைக்கவில்லை. ஆயிரத்தில் சிலருக்குப் பொருத்து ஒழுகும், சிலருக்குக் காலில் இரத்தம் கட்டியாகி நெஞ்சுக்கு ஏறும், சிலருக்குக் குடல் முறுக்கிக்கொள்ளும். அவற்றைத் தடுக்க இதைச் செய்வோம், தடுக்க முடியாவிட்டால் இப்படிக் கண்டுபிடிப்போம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒப்பரேசன் முடிந்த பிறகும் வாழ்நாள் முழுக்க விற்றமின் குளிசை போட வேண்டும், சாப்பாட்டை மென்று மெதுவாக விழுங்கிப் பழக வேண்டும், ஒழுங்காகக் கிளினிக்குக்கு வர வேண்டும் என்றும் சொன்னார். "இது மந்திரமில்ல. அரைவாசி வேலைதான் எங்கட. மிச்சம் இவட," என்று றபீக்காவைக் காட்டினார்.

றபீக்கா எங்கள் தெருவில் பெண் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பவள். மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு உடம்பு ஏறத் தொடங்கியது, நிற்கவில்லை. சீனி வருத்தம் வந்தது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. நான் விழித்திருந்து அடுத்த மூச்சு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். முழங்கால் தாங்காமல் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்துதான் தொழுதாள். அவளுக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் வலித்தது. "நெத்தி நிலத்துல பட்டுத் தொழுது எத்தின வரிசமாச்சு," என்பாள்.

ஊரில் கதை வேறு மாதிரி. "சோத்தைக் குறைச்சாப் போதாதா? இதுக்குப் போய் வயித்தை வெட்டுறதா?" என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் அசனார் காக்கா என் கடை வாசலில் நின்றே கேட்டார். அவருக்கு நான் தண்ணீர்த் தாங்கியைத் திறந்து உள்ளே மிதக்கும் பந்தைக் காட்டினேன். தண்ணீரைக் கொஞ்சம் இறைத்து வெளியே ஊற்றினால் பந்து கீழே இறங்கும், வால்வு திறக்கும், பழைய மட்டம் வரும் வரை தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். உடம்புக்குள்ளும் அப்படி ஒரு மிதவை இருக்கிறது. பட்டினி கிடந்து இளைத்தால் மூளை அதைப் பஞ்சம் என்று எண்ணிப் பசியைக் கூட்டும், பழைய எடை வரும் வரை விடாது. இந்த ஒப்பரேசன் பையைச் சிறிதாக்குவதோடு நிற்பதில்லை. குடல் மூளைக்கு அனுப்பும் செய்தியையே மாற்றி, மிதவை நிற்கும் மட்டத்தையே கீழே இறக்கி வைக்கிறது. அசனார் காக்கா தாங்கிக்குள் நெடுநேரம் பார்த்துவிட்டு, "பந்துல பாசி பிடிச்சிரிக்கி," என்று சொல்லிப் போனார்.

ஒப்பரேசனுக்கு முன்னரே வேலை தொடங்கிவிட்டது. முதல் சில வாரம் மாச்சத்தும் கொழுப்பும் குறைந்த சாப்பாடு. அது இளைப்பதற்காக அல்ல, ஈரல் சுருங்குவதற்காக. கொழுப்பேறிய ஈரல் இரைப்பையின் மேல் கதவுபோல விழுந்து கிடக்கும், சுருங்கினால்தான் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வேலை செய்யலாம். மூச்சை இழுத்துப் பந்துகளை உயர்த்தும் சின்னக் கருவி ஒன்றைக் கொடுத்து நெஞ்சைப் பழக்கினார்கள். இரவில் மூச்சு நிற்காமலிருக்க முகமூடியோடு ஒரு இயந்திரம். கால்களுக்கு இறுக்கமான காலுறை. கையில் நரம்பு அகப்படாததால் சேலைன் ஊசியைக் கழுத்தில் போட்டார்கள்.

நான் மிகவும் வியந்தது வேறொன்றை. இரண்டு பொருத்தும் போட்ட பிறகு, தியேட்டருக்குள்ளேயே, வயிற்றுக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பொருத்தை மூழ்கவைத்து, வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளிருந்து காற்று ஊதிப் பார்க்கிறார்கள். குமிழி வந்தால் ஒழுக்கு. சைக்கிள் ரியூப்பைத் தண்ணீர்ப் பேசினில் அமுக்கிப் பஞ்சர் பார்ப்பது போலவேதான். டொக்டர் மதுரன் வெளியே வந்து, "ஒரு குமிழியும் இல்ல," என்று சொன்னபோது அவர் என்ன சொல்கிறார் என்பது எனக்கு முழுவதுமாக விளங்கியது. அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. பிடிக்கவில்லை.

ஆனால் தியேட்டருக்குள் ஒழுகாத பொருத்து வெளியே வந்த பிறகும் ஒழுகலாம், வீங்கி அடைக்கலாம். அதனால்தான் காற்று.

கையால் தொட்டு நகர்த்திய குடல் உறங்கிப்போகும். பிறகு பகுதி பகுதியாக விழிக்கும். சிறுகுடல் முதலில், இரைப்பை அடுத்தது, பெருங்குடல் கடைசி. வாயிலிருந்து கடைசி வரைக்கும் உள்ள நீண்ட பாதையில் எல்லாம் விழித்துவிட்டது, நடுவில் அடைப்பு இல்லை என்பதற்கு உடம்பு அனுப்புகிற செய்திதான் காற்று. இவ்வளவு இயந்திரங்கள் இருந்தும், அந்தச் செய்தியை நோயாளியிடம் வாயால் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

கண்ணகையம்மாவிடம் கேட்கவே தேவை இருக்கவில்லை. அவர் ஒப்பரேசனுக்கு மறுநாள் காலையில், டொக்டர்கள் உள்ளே கால் வைக்கும் முன்னரே அறிவித்துவிட்டார். "டொக்டர் புள்ள! எனக்கு விடியவே வெடிச்சுட்டுது! கட்டில் அதிர்ந்தது!"

"நல்ல விசயம் அம்மா," என்று டொக்டர் மேனுகா சிரித்தார்.

"மறுகா ஒண்டும் வெடிச்சது. அதையும் சேர்த்துக்கொள்ளுங்க."

பிறகு மேனுகா றபீக்காவிடம் வந்தார். "அம்மா, உங்களுக்குக் காத்துப் பிரிஞ்சதா?"

றபீக்கா தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்த தலையை மேனுகா இல்லை என்று எடுத்துக்கொண்டார். மறுநாளும் அதே கேள்வி, அதே குனிந்த தலை. அதற்கடுத்த நாள் டொக்டர் மதுரனே காலையில் வந்து, வயிற்றில் கை வைத்து அமுக்கிப் பார்த்துக் கேட்டார். தலை இன்னும் கீழே போனது. வயிறு உப்பியிருந்தது. நாடி முந்திய நாளைவிட வேகமாக அடித்தது. காய்ச்சல் இல்லை. அவர் நாடியை இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தார். எனக்கு அவருடைய முகம் பிடிக்கவில்லை. இஞ்சினைத் திறந்து வைத்துக்கொண்டு சொந்தக்காரனுக்கு என்ன சொல்வதென்று யோசிக்கும்போது எனக்கு வருகிற முகம் அது.

பின்னேரம் மேனுகா என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். "மதுரன் சேர் இண்டைக்குப் பொழுதுபட ஸ்கான் ஒண்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஒரு மருந்தைக் குடிக்கக் குடுத்து, அது பொருத்தால ஒழுங்கா இறங்குதா, வெளியில கசியுதா எண்டு பார்ப்பம். அதுல தெளிவில்லாட்டித் திரும்ப மயக்கிக் கமரா போட்டுப் பார்க்க வேண்டி வரும்."

"திரும்ப மயக்குறதா?"

"அதைச் செய்யாம இருக்கத்தான் எங்களுக்கும் விருப்பம். இவட மூச்சுப் பிரச்சினையோட முதல்தரம் மயக்கினதே பெரிய வேலை. ஆனா பொருத்து ஒழுகினா காத்திருக்கவும் ஏலாது. நாடி ஏன் இப்பிடி ஓடுது, வயிறு ஏன் உப்பிக் கிடக்கு, இதுவரைக்கும் காத்து ஏன் பிரியல்ல? மூண்டும் சேர்ந்துதான் யோசிக்க வைக்குது."

நான் உள்ளே வந்து கதிரையில் இருந்தேன். தூக்கத்தில் நின்று நின்று வரும் அவளுடைய மூச்சு என் காதுக்குள் கேட்டது. இரண்டாவது தடவை மயக்கும்போது அந்த அடுத்த மூச்சு வராவிட்டால்?

கண்ணகையம்மா திரைச்சீலையை விலக்கினார். "என்னவாம் தம்பி?"

சொன்னேன்.

"அடக் கடவுளே. நடந்தா இறங்கும். எனக்கும் நடக்கத்தான் சொன்னவங்க. உன்ட பொஞ்சாதி நடக்கிறாவா? தொழுறதுக்குக் கால் கழுவப் போவா, விறுக்கெண்டு வந்து படுத்திடுவா. ஒருக்களிச்சுப் படுத்தாப் படுத்ததுதான், அசைய மாட்டா. தண்ணியும் குடிக்கிறா இல்ல. பாரு, டொக்டர் மிடறு மிடறாக் குடிக்கச் சொல்லி வச்ச கோப்பை அப்பிடியே கிடக்கு."

கோப்பையைப் பார்த்தேன். நிறைந்திருந்தது. சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். பின்னேர அஸர் தொழுகை முடிந்து நேரமாகியிருந்தது. கட்டிலில் இருந்தபடியே அவள் அஸர் தொழுததை நான் பார்த்தேன். ஆனால் அதற்கு முன்னால் அவள் எழுந்து குளியலறைக்குப் போனதை நான் பார்க்கவில்லை. நான் நண்பகல் லுஹர் தொழுகை நேரத்திலிருந்து இந்த வாசலை விட்டு அசையவில்லை.

தொழுகிறவர்களுக்கு இது உடனே விளங்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தொழுவதற்கு முன்னால் முகம், கை, கால் எல்லாம் கழுவிச் சுத்தமாகிக்கொள்வதற்குப் பெயர் வுழூ. ஒருமுறை எடுத்த வுழூ முறியாமல் இருந்தால் அடுத்த தொழுகைக்கும் அதுவே போதும். முறிப்பவை சில உண்டு. தூங்கிப்போனால் முறியும். சிறுநீர் கழித்தால் முறியும். எங்கள் மத்ஹபில், அதாவது நாங்கள் பின்பற்றும் சட்ட வழியில், கணவன் மனைவி கையோடு கை பட்டாலும் முறியும். அதனால்தான் நான் தள்ளியே இருந்தேன். காற்றுப் பிரிந்தாலும் முறியும்.

வீட்டில் றபீக்கா ஒவ்வொரு தொழுகைக்கும் புதிதாக வுழூ எடுப்பவள். இங்கே லுஹருக்கு எடுத்ததை அஸருக்கும் வைத்திருந்தாள்.

பம்பு வேலையில் ஒரு பழக்கம் உண்டு. தண்ணீர் வராவிட்டால் குழாயைத் தோண்ட முன்னால் வால்வைப் பார்க்க வேண்டும். யாராவது மூடி வைத்திருப்பார்கள்.

நான் கதிரையை அவள் முகத்துக்கு நேரே கொண்டுபோனேன். "புள்ள, உனக்கு இப்ப வுழூ இரிக்கா?"

கண் திறந்தது. "இரிக்கி."

"எப்ப எடுத்த?"

"லுஹருக்கு."

"பொழுதுபட்டு மஃரிபுக்கும் அதைத்தான் வச்சிரிக்கப் போறியா?"

அவள் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள்.

"றபீக்கா. அடக்கிக்கிட்டா இரிக்கிற?"

அவள் முகம் சிவந்தது. திரைச்சீலைப் பக்கம் பார்த்தாள், குரலை மூச்சளவுக்கு இறக்கினாள். "எழும்பிப் போய்க் குனிஞ்சு காலைக் கழுவ ஏலாதுங்க. வயிறு பிளக்கிற மாதிரி நோவுது. ஒருக்காப் போய் வந்தா உசிர் போய் வருது. ஒரு வுழூவைப் பாதுகாத்துக்கிட்டா ரெண்டு நேரம் தொழலாம்."

"முந்தநாள்ல இரிந்தா?"

"அதுட வேகம் வாற நேரம் ஒருக்களிச்சுப் படுத்து ஓதிக்கிட்டே இரிப்பன். போயிரும்."

"தண்ணி?"

"குடிச்சா ஒண்ணுக்கு வருமே."

"டொக்டர் கேட்ட நேரம் சொல்லலாமே புள்ள."

"அந்த மனிசன் ஆம்பிள. மத்தது எங்கட மகள் ஷஸ்னாட வயசுப் புள்ள. காத்து, காத்தெண்டு அத்தின பேருக்கு முன்னால கேட்டா என்னெண்டு சொல்லுற? நீங்களும் போய்ச் சொல்லிப் போடாதீங்க, சொல்லிட்டன்."

இருபத்துநாலு வருடத்தில் நானே அவளிடமிருந்து அப்படியொரு சத்தம் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவளுக்கு என் சொல் போதாது என்று தெரியும். வெளி விறாந்தைக்குப் போய் எங்கள் பள்ளிவாசல் இஷாம் மௌலவிக்கு அழைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கிடக்கும் வாவியின் காற்று கைப்பேசிக்குள் இரைந்தது. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"மௌலவி, வுழூ முறியாம அடக்கிக்கிட்டுத் தொழுறது..."

"எதை அடக்குற?"

"காத்தை."

"ஆரை?"

"காத்தை மௌலவி! கீழால வாற காத்தை! ஒப்பரேசன் செஞ்ச ஆள், அடக்கிக்கிட்டு இரிக்கி!"

விறாந்தையில் மருந்துத் தட்டோடு போன தாதி நின்றுவிட்டார். மௌலவிக்கு இப்போது நன்றாகவே கேட்டிருந்தது.

"அஸ்தஃபிருல்லாஹ், ஜிப்ரி. அடக்கிக்கிட்டுத் தொழுறது சாதாரண ஆளுக்கே மக்ரூஹ், மார்க்கம் வெறுக்கிற காரியம். தொழுகையில மனசு நிக்காது. நோயாளிக்கு உடம்புக்குக் கேடு வருமெண்டா அடக்கவே கூடாது. வுழூ முறிஞ்சாத் திரும்ப எடுக்கலாம். தண்ணி ஏலாட்டிச் சுத்தமான மண்ணால செய்யிற தயம்மும் இரிக்கி. மார்க்கம் லேசு, நாமதான் பாரமாக்குற. றபீக்கா ராத்தாட்ட நான் சொன்னனெண்டு சொல்லுங்க."

கைப்பேசியை வைத்துத் திரும்பினால் டொக்டர் மேனுகா நின்றார். எல்லாம் கேட்டிருந்தது. சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தார். பிறகு சிரிப்புப் போய்விட்டது.

"எவ்வளவு நாளா அடக்கினவ?"

"மூணு நாளா."

"அப்ப காத்து வந்தது. வந்ததை விடேல்ல." அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "குடல் வேலை செய்யுது. தண்ணி குடிக்கேல்ல, அதாலதான் நாடி ஓடுது. வயித்து நோவு, அதாலயும் நாடி ஓடும்." பிறகு என்னைப் பார்த்து, "இது என்ட எண்ணம் மட்டும்தான். ஸ்கானை நிப்பாட்ட மாட்டம். ஆனா அதுக்கு முதல் அவவை நடக்க வையுங்க. வுழூ முறிஞ்சதா எண்டு கேட்டிருந்தா சொல்லியிருப்பா, என்ன?"

"பொய் சொல்ல மாட்டா டொக்டர்."

அவர் அந்தச் சொல்லை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "வுழூ."

நான் உள்ளே போய் மௌலவி சொன்னதைச் சொன்னேன். றபீக்கா கேட்டாள். தலையாட்டினாள். ஆனால் அசையவில்லை. மக்ரூஹ் என்பது அவளுக்குத் தெரியாததல்ல, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். மூன்று நாளாக இறுக்கிப் பிடித்த பிடியை விடச் சொன்னால் எங்கிருந்து விடுவது? அதுவும் இந்த அறையில், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஒரு காது விரிந்து கிடக்கும்போது?

"நான் வேணுமெண்டா வெளியால போறன் தம்பி," என்றது திரைச்சீலை.

நான் கையை நீட்டினேன். "வா புள்ள. விறாந்தையில நடப்பம்."

அவள் என் கையைப் பார்த்தாள். "தொட்டா முறியும்."

"முறியட்டும்."

அடுத்த தொழுகை வரை கொண்டுபோக வேண்டும் என்று சேமித்து வைத்திருந்த ஒன்றை அவள் மனதில் எடைபோடுவது முகத்தில் தெரிந்தது. பிறகு என் கையைப் பிடித்தாள். உள்ளங்கை வியர்த்து, சூடாக இருந்தது. வுழூ முறிந்தது. இனிப் பாதுகாக்க ஒன்றும் இல்லை.

எழுந்து நிற்கும்போது மற்றக் கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டாள். நான் சேலைன் கம்பத்தைத் தள்ளினேன். விறாந்தையின் முடிவில் ஜன்னல் வழியாக வாவி தெரிந்தது. இறால் வலை போடுகிற தோணி ஒன்று அசையாமல் நின்றது. அங்கே திரும்பினோம். திரும்பி வரும் வழியில் அவள் என் விரல்களை நெரித்தாள். "இஞ்ச நில்லுங்க," என்றாள். அறை வாசலுக்குச் சற்று முன்னால், மருந்துத் தட்டுத் தாதி இருந்த மேசைக்கு நேரே, அது வந்தது.

சின்னதல்ல. நீண்டது. இடையில் ஒருமுறை தாழ்ந்து மறுபடி உயர்ந்தது. முதல் தடவை ஸ்டார்ட் ஆகும் பழைய இஞ்சின், காற்றை வெளியே தள்ளித் தள்ளி, பிறகு சீராக ஓடத் தொடங்கும் ஒலி எனக்கு நன்றாகத் தெரியும். அப்போது கடையில் எல்லோரும் ஒரு கணம் வேலையை நிறுத்திக் கேட்போம்.

றபீக்கா முந்தானையை இழுத்து முழு முகத்தையும் மூடிக்கொண்டாள். முந்தானைக்குள்ளிருந்து, "யா அல்லாஹ், யா அல்லாஹ்," என்று கேட்டது.

"வெடிச்சுட்டுது!" அறைக்குள்ளிருந்து கண்ணகையம்மா கத்தினார். "டொக்டர் புள்ள, ஓடி வாங்க! தங்கச்சிக்கு வெடிச்சுட்டுது! முகத்துவாரம் வெட்டின மாதிரி!"

மாரி வெள்ளத்தில் வாவி நிரம்பித் தெருவெல்லாம் ஏறிவிட்டால், கடலோரத்து மணல்திட்டை வெட்டித் திறந்துவிடுவார்கள். வெட்டிய வாயால் தண்ணீர் கடலுக்குப் பாய்வதைப் பார்க்க ஊர் திரண்டு நிற்கும். அந்தச் சந்தோசம் கண்ணகையம்மாவின் குரலில் இருந்தது. தாதி மேசையிலிருந்து எழுந்துவந்து றபீக்காவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். மேனுகா கைகளைச் சேர்த்து நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். முந்தானைக்குள்ளே அழுகிறாள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்தால் தையல் நோகிறது என்று சிரிப்பை அடக்கப் பார்த்தாள்.

"இனி எதையும் அடக்காத புள்ள," என்றேன்.

பொழுதுபட அவளை ஸ்கானுக்குக் கொண்டுபோனார்கள். டொக்டர் மதுரன் தானே வந்து நின்றார். ஒரு நல்ல அடையாளம் வந்துவிட்டதென்று மற்ற அடையாளங்களைப் பார்க்காமல் விடுகிறவர் அல்ல அவர். குடித்த மருந்து சின்னப் பைக்குள் இறங்கி, முதல் பொருத்தைக் கடந்து, குடல் வழியே கீழே நழுவிப் போவதைத் திரையில் எனக்கும் காட்டினார். வெள்ளைக் கோடு ஒன்று, எங்கும் நிற்காமல், எங்கும் கசியாமல். இரண்டாவது பொருத்தையும் கடந்தது. "பாருங்க," என்று மட்டும் சொன்னார். எத்தனையோ பம்புகளுக்கு அப்படி நின்று, தண்ணீர் முதல்முறை வாய்க்காலுக்குள் விழுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பார்வையில் இரண்டு பேரும் ஒரே தொழில்காரர்போல நின்றோம்.

திரும்ப மயக்க வேண்டியிருக்கவில்லை.

மஃரிபு தொழுகைக்குக் கண்ணகையம்மா கட்டிலருகே பேசின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். "நான் ஊத்திவிடுறன். என்னையும் நடக்கச் சொல்லித்தானே டொக்டர் சொன்னவர்." எந்தக் கால் முதலில், எத்தனை தரம் ஊற்றுவது என்று கேட்டுக் கேட்டு, றபீக்கா எதையும் குனிந்து எடுக்க வேண்டியில்லாமல் செய்தார். காலில் ஊற்றும்போது, "இந்தக் காலுக்கு இனிப் பாரம் குறையும்," என்று சொன்னார்.

மறுநாள் காலை டொக்டர்கள் வந்தார்கள். றபீக்காவின் வயிறு இறங்கியிருந்தது. நாடி அமைதியாகிவிட்டது. அதைவிட ஆச்சரியம் ஒன்றை மேனுகா சொன்னார். இரத்தத்தில் சீனி அளவு குறைந்திருந்தது. இன்சுலின் அளவையும் பாதிக்கு மேல் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். உடம்பு இன்னும் இளைக்கவே தொடங்கவில்லையே என்றேன். டொக்டர் மதுரன் உற்சாகமாகத் திரும்பினார். சாப்பாடு புது வழியால் போகத் தொடங்கியதுமே குடல் வேறு செய்தி அனுப்புகிறது, இன்சுலின் சுரக்கிற உறுப்பு அதைக் கேட்டு விழித்துக்கொள்கிறது, இளைப்பது பிறகு வரும் வேலை என்றார். நான் மேலும் கேட்கத் தொடங்கினேன். அவரும் சொல்லத் தொடங்கினார். மேனுகா தொண்டையைச் செருமினார்.

"ஓம், ஓம்." டொக்டர் மதுரன் கட்டில் பக்கம் திரும்பினார். முகத்தைப் பாரமாக வைத்துக்கொண்டு, புதிதாகப் பழகிய சொல்லைக் கவனமாக எடுத்தார். "அம்மா, இண்டைக்கு... வுழூ முறிஞ்சதா?"

றபீக்கா இந்த முறை தலையைக் குனியவில்லை.

"முறிஞ்சது டொக்டர்," என்றாள். "ரெண்டு தரம்."

"நல்லது. மெத்த நல்லது."

"டொக்டர், சுஜூது எப்ப செய்யலாம்?"

அவர் மேனுகாவைப் பார்த்தார். மேனுகாவிடம் அந்தச் சொல் இருக்கவில்லை. திரைச்சீலை விலகியது. "நிலத்துல நெத்தி படக் கும்பிடுறது டொக்டர்," என்றார் கண்ணகையம்மா. "அவ அதுக்குத்தான் இவ்வளவும்."

டொக்டர் மதுரன் கட்டில் ஓரத்தில் கை வைத்து, உள்தையல் ஆறும் வரை குனிந்து அழுத்தக்கூடாது, சில வாரம் கதிரையிலேயே தொழுங்கள், பிறகு முழங்கால்தான் தீர்மானிக்கும், எடை இறங்க இறங்க முழங்கால் சம்மதிக்கும் என்று ஒன்றொன்றாக விளக்கினார். "நெத்தி நிலத்துல பட்ட அண்டைக்கு எனக்குச் சொல்ல வேணும். கிளினிக் நாளாப் பார்த்து வர வேணாம். அண்டைக்கே சொல்லுங்க."

"இன்ஷா அல்லாஹ்," என்றாள் றபீக்கா.

அவர்கள் அடுத்த அறைக்குப் போகத் திரும்பினார்கள்.

"டொக்டர்," என்று கூப்பிட்டார் கண்ணகையம்மா. "எனக்கும் அப்பிடி மரியாதையா ஒரு சொல்லுத் தேடித் தாங்களன். நான் மட்டும் வெடிச்சது வெடிச்சதெண்டு சொல்லித் திரியிறன்."